விடைக்கு முன் வழி: மூன்று துறை ஆய்வுகளை எப்படி மதிப்பிடுவது?

ஆய்வு என்றதும் ஆய்வகமும் சோதனைக் குழாயும் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. பழைய பாடல்களை வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிப்பதும் ஆய்வுதான். நாடுகளின் கடன் கணக்கை அட்டவணையிட்டுப் பார்ப்பதும், ஒரு கிராமத்தில் கணினியை வைத்துவிட்டுக் குழந்தைகள் என்ன கற்கிறார்கள் என்று கவனிப்பதும் ஆய்வுதான். இம்மூன்றிலும் சான்று வேறு, முறை வேறு, தவறு நுழையும் வாசலும் வேறு.

கலைப்புலம், நிதியியல், கல்வித் தொழில்நுட்பம் ஆகிய மூன்று துறைகளிலிருந்து தலா ஒரு புகழ்பெற்ற ஆய்வை எடுத்துக்கொண்டு, அவை எதைச் சான்றாகக் கொண்டன, பின்னர் எவ்வாறு கேள்விக்கு உள்ளாயின என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது. கலைப்புலம் என்பது இங்கு மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல் ஆகியவற்றைக் குறிக்கும். எண்கள் இருந்தால் உறுதியான ஆய்வு, எண்கள் இல்லாவிட்டால் வெறும் கருத்து என்றொரு நம்பிக்கை நம்மிடையே பரவியிருக்கிறது. அந்த நம்பிக்கை சரியா என்பதே இங்கு கேள்வி.

ஒரே படிவம், பல துறைகள்

நம் நாட்டில் இன்று வெளிவரும் 'பல்துறை ஆய்விதழ்' ஒன்றைப் புரட்டினால் ஒரே அட்டைக்குள் திருக்குறள் கட்டுரையும், வங்கி வாடிக்கையாளர் மனநிறைவு பற்றிய கட்டுரையும், இணையவழிக் கற்றல் பற்றிய கட்டுரையும் அடுத்தடுத்து இருக்கும். பல துறையினர் ஒரே இடத்தில் எழுதுவது நல்லதுதான். சங்கடம் என்னவென்றால், மூன்றும் ஒரே படிவத்தில் இருக்கும். நோக்கம், கருதுகோள், மாதிரி, சதவீத அட்டவணை, கண்டுபிடிப்பு, பரிந்துரை என்ற வரிசை மாறாது. இலக்கியக் கட்டுரை எழுதுபவர் தமக்குத் தேவையில்லாத கருதுகோள் ஒன்றை முதலில் எழுதிவிட்டு, இறுதியில் 'கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது' என்று முடிக்கிறார். அந்தக் கருதுகோள் பொய்யாகிப்போன ஒரு கட்டுரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதற்கு நிர்வாகக் காரணம் ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளின்படி, முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழ் ஒன்றில் குறைந்தது ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும். கருத்தரங்குகளில் இரண்டு முறை கட்டுரை வாசித்திருக்கவும் வேண்டும். 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறைகள் இந்தக் கட்டாயத்தை நீக்கின. ஆனால் கட்டாயம் வளர்த்த பழக்கம் விதி மாறியதும் போய்விடுவதில்லை. படிவத்தை நிரப்பினால் ஆய்வு ஆகிவிடும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

நான் பள்ளியில் கணிதம் கற்பித்தவன். விடைத்தாள் திருத்தும் முகாம்களில் பல ஆண்டுகள் அமர்ந்தவன். அங்கே முதல் நாள் சொல்லித் தரப்படும் விதி ஒன்று: விடை மட்டும் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் இல்லை, படிகளுக்குத் தனி மதிப்பெண். 'ஸ்டெப் மார்க்' என்று ஆசிரியர் அறையில் சொல்வோம். விடை தவறாக இருந்தாலும் படிகள் சரியாக இருந்த இடம் வரை மதிப்பெண் உண்டு. இந்தப் பழைய விதியைத்தான் இங்கே மூன்று ஆய்வுகளுக்கும் பொருத்திப் பார்க்கிறேன்.

கலைப்புலம்: சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாடல்களா?

பேராசிரியர் க. கைலாசபதி (1933–1982) பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் செய்த முனைவர் பட்ட ஆய்வு, 1968இல் 'தமிழ் ஹீரோயிக் பொயட்ரி' என்ற பெயரில் ஆக்ஸ்போர்டில் நூலாக வெளிவந்தது. சங்கப் பாடல்களை ஒரு வீரயுகத்தின் வாய்மொழிப் பாடல்களாக அந்நூல் விளக்கியது. பாணரும் பொருநரும் ஊர் ஊராகச் சென்று பாடிய மரபிலிருந்து வந்தவை இவை என்பது அதன் வாதம். கிரேக்க, கெல்டிக் மரபுகளோடு அவர் ஒப்பீடு செய்தார்.

இந்த வாதத்துக்குக் கருவி வேறிடத்திலிருந்து வந்தது. ஹோமரின் காவியங்களில் அடைமொழிகளும் தொடர்களும் திரும்பத் திரும்ப வருவதை மில்மன் பாரி 1920களில் ஆராய்ந்தார். எழுதாமல் பாடுபவனுக்கு ஆயத்தமான தொடர்கள் கைவசம் இருக்க வேண்டும். அவற்றை இணைத்தே அவன் பாடுகிறான் என்பது அவர் கண்டது. அதைச் சோதிக்க 1933 முதல் 1935 வரை யுகோஸ்லாவியாவுக்குச் சென்று, உயிருடன் இருந்த பாடகர்களின் பாடல்களைப் பதிவுசெய்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகர் 12,000 அடிகளுக்கும் மேற்பட்ட ஒரு பாடலைச் சொல்லி எழுதச் செய்தார். பாரியின் மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1960இல் இவற்றைத் தொகுத்து நூலாக்கினார். கைலாசபதி இந்தக் கருவியைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். சங்கப் பாடல்களில் திரும்ப வரும் தொடர்களை வரிசைப்படுத்திக் காட்டினார்.

எதிர்ப்பு விரைவில் வந்தது. 1975இல் ஜார்ஜ் ஹார்ட் எழுதிய நூலில், பாணர் வேறு, புலவர் வேறு என்று பிரித்துக் காட்டினார். பாணரின் வாய்மொழி மரபைப் பார்த்து, எழுத்தறிவுள்ள புலவர்கள் அதன் சாயலில் இயற்றியவையே நம் கையில் இருக்கும் பாடல்கள் என்பது அவர் நிலைப்பாடு. ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட பண்டைத் தமிழ்க் கல்வெட்டுத் தொகுப்பு, கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே தமிழகத்தில் எழுத்து வழக்கில் இருந்ததை உறுதிப்படுத்தியது. மாங்குளம் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் பெயரே வருகிறது. ஆயினும் எழுத்து இருந்தது என்பதால் பாடல்கள் எழுத்தில் பிறந்தன என்று ஆகிவிடாது. எழுத்து இருக்கும் ஊரிலும் தாலாட்டு எழுதப்படுவதில்லை. 2001இல் ஹெர்மன் டீக்கன் மறுகோடிக்குச் சென்று, இப்பாடல்கள் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பழமைத் தோற்றத்துடன் செய்யப்பட்டவை என்றார். பெரும்பாலான சங்க இலக்கிய அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. மொழி, யாப்பு, கல்வெட்டுச் சான்றுகளைக் காட்டி மறுத்தனர்.

இங்கே கவனிக்க வேண்டியது, யார் வென்றார் என்பதைவிட வாதம் நடந்த முறையை. சங்கத் தொகை 2,381 பாடல்கள். அவை அனைவர் கையிலும் உள்ளன. கைலாசபதி சுட்டிய தொடர் உண்மையில் அந்த இடத்தில் உள்ளதா, எத்தனை முறை வருகிறது, வேறு பொருளில் வருகிறதா என்பதை ஊர் நூலகத்தில் அமர்ந்து யாரும் சரிபார்க்கலாம். ஆய்வாளருக்கும் வாசகருக்கும் சான்று சமமாகத் திறந்திருக்கிறது. அதனால்தான் அரை நூற்றாண்டாக அந்நூலை மறுக்க முடிகிறது. மறுக்கும்போதும் அதிலிருந்து கற்க முடிகிறது.

அந்நூலின் குறையையும் சொல்ல வேண்டும். திரும்ப வரும் தொடர் வாய்மொழிக்கு அடையாளம் என்பது யுகோஸ்லாவிய நெடும்பாடலுக்குப் பொருந்தலாம். சங்கப் பாடல்களில் பெரும்பாலானவை சிறியவை. திணை, துறை என்ற கட்டுக்குள் அமைந்தவை. அத்தகைய கட்டுக்குள் எழுதுபவரும் மரபுத் தொடரையே எடுத்தாள்வார். பிற நாட்டுக் கருவி தமிழுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் சோதித்த பிறகே அளந்திருக்க வேண்டும். அந்தச் சோதனை நூலில் போதுமான அளவு இல்லை. ஆனால் படிகள் எழுதப்பட்டிருப்பதால்தான் எந்தப் படியில் தடுமாற்றம் என்று நம்மால் சொல்ல முடிகிறது.

நிதியியல்: ஒரு விரிதாளின் கதை

2010இல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள், கடன் மிகுந்த காலத்தில் பொருளாதார வளர்ச்சி எவ்வாறு இருக்கிறது என்பது பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். 20 வளர்ந்த நாடுகளின் 1946 முதல் 2009 வரையிலான கணக்குகளை எடுத்து, பொதுக்கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்பதைக் கொண்டு நான்கு பிரிவுகளாகப் பிரித்தனர். கடன் 90 சதவீதத்தைத் தாண்டிய பிரிவில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று வந்தது. மற்ற மூன்று பிரிவுகளிலும் அது 2.8 முதல் 4.1 சதவீதம் வரை இருந்தது. 90 என்ற எண் ஒரு எல்லைக்கோடு போல உலகெங்கும் பரவியது.

உலக நிதி நெருக்கடிக்குப் பிந்தைய காலம் அது. அரசுகள் செலவைக் குறைப்பதா, கூட்டுவதா என்ற விவாதம் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டனில் ஜார்ஜ் ஆஸ்போர்னின் உரையிலும், அமெரிக்காவில் பால் ரயனின் வரவு செலவுத் திட்ட ஆவணத்திலும், ஐரோப்பிய ஆணையத்தின் ஒலி ரேன் பேச்சிலும் இவ்விருவரின் ஆய்வு எடுத்தாளப்பட்டது. செலவைக் குறைப்பது என்றால் ஓய்வூதியம், மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றில் கைவைப்பது என்று பொருள். அந்தக் கட்டுரை இல்லாவிட்டாலும் சில அரசுகள் அதே முடிவை எடுத்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் எடுத்த முடிவுக்கு ஓர் அறிவியல் முத்திரை அதனால் கிடைத்தது.

2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சியாக ஒரு புகழ்பெற்ற ஆய்வைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டியிருந்தது. அவர் இந்தக் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். எவ்வளவு முயன்றும் அதே விடை வரவில்லை. கட்டுரையாசிரியர்களிடம் கேட்டபோது அவர்கள் தமது எக்செல் விரிதாளையே அனுப்பிவைத்தனர். அதில் சராசரி காணும் சூத்திரம் 30ஆம் வரிசை முதல் 49 வரை செல்ல வேண்டியது, 44இலேயே நின்றிருந்தது. அகர வரிசையில் முதலில் வரும் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கில் சேரவில்லை.

செய்தித்தாள்கள் இந்தப் பிழையைத்தான் பெரிதாக எழுதின. உண்மையில் விடை மாறியதில் அதன் பங்கு சிறியது. பெரிய சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று, சில நாடுகளின் சில ஆண்டுகள் விடுபட்டிருந்தன. மற்றொன்று, சராசரி எடுத்த முறை. நியூசிலாந்தை எடுத்துக்கொள்வோம். 90 சதவீதத்துக்கு மேல் கடன் இருந்த பிரிவில் அந்நாட்டின் 1951ஆம் ஆண்டு ஒன்று மட்டுமே சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டின் வளர்ச்சி மைனஸ் 7.6 சதவீதம். அதே பிரிவில் பிரிட்டனுக்கு 19 ஆண்டுகள், சராசரி 2.4 சதவீதம். ஒவ்வொரு நாட்டுக்கும் சம எடை கொடுத்ததால், நியூசிலாந்தின் ஓர் ஆண்டும் பிரிட்டனின் 19 ஆண்டுகளும் தராசில் சமமாயின. ஒரு மாணவன் உள்ள வகுப்பின் சராசரியையும் 19 மாணவர் உள்ள வகுப்பின் சராசரியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் பள்ளியின் சராசரி வருமா என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையே கேட்பான். நியூசிலாந்துக்கு விடுபட்ட 1946 முதல் 1949 வரையிலான நான்கு ஆண்டுகளையும் சேர்த்தால் அதன் சராசரி மைனஸ் 7.6 அல்ல, பிளஸ் 2.6.

ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலினும் திருத்திக் கணக்கிட்டபோது, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட பிரிவின் சராசரி வளர்ச்சி 2.2 சதவீதம் என்று வந்தது. ரைன்ஹார்ட்டும் ரோகாஃப்பும் விரிதாள் பிழையை ஒப்புக்கொண்டனர். ஆண்டுகள் விடுபட்டதற்கு, அத்தரவுகள் அப்போது சரிபார்த்து முடிக்கப்படவில்லை என்று விளக்கம் தந்தனர். நாடுகளுக்குச் சம எடை தந்ததையும் நியாயப்படுத்தினர். அதற்கும் ஒரு நியாயம் உண்டு: ஆண்டுகளை மட்டும் எண்ணினால் நீண்டகாலம் கடனில் இருந்த ஓரிரு நாடுகளே முழு விடையையும் முடிவுசெய்துவிடும். மேலும், திருத்திய கணக்கிலும் கடன் மிகுந்த பிரிவின் வளர்ச்சி அதற்கு முந்தைய பிரிவின் 3.2 சதவீதத்தைவிடக் குறைவுதான். ஆகவே அவர்கள் சொன்னது முழுப்பொய் அல்ல. ஆனால் ஒரு படுகுழி இருப்பதாக உலகம் நம்பிய இடத்தில் இருந்தது ஒரு சரிவு மட்டுமே.

கணக்கைத் திருத்திய பிறகும் ஒரு கேள்வி மீதி இருக்கிறது. கடனால் வளர்ச்சி குறைகிறதா, வளர்ச்சி குறைவதால் கடன் கூடுகிறதா? வருமானம் குறைந்த வீடு கடன் வாங்குகிறது. கடன் வாங்கிய வீடும் வட்டியால் மெலிகிறது. சராசரிகளை அருகருகே வைப்பதால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது.

இந்த வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள்ளன. எண்கள் நிறைந்த ஆய்வு மூன்று ஆண்டுகள் யாராலும் திரும்பக் கணக்கிடப்படாமல், கூட்டல் வரிசைப் பிழையைச் சுமந்துகொண்டு அரசியல் மேடைகளில் நடமாடியது. எண் தரும் உறுதி, எண்ணைத் திரும்பப் போட்டுப் பார்த்தவனுக்கே உரியது. மற்றொன்று, விரிதாளைக் கேட்ட மாணவனுக்கு அதைக் கொடுத்த செயல். கொடுக்காமல் இருந்திருந்தால் பிழை வெளிப்பட்டிருக்காது. அவர்களின் தவறைக் குறிப்பிடும்போது இந்த நேர்மையையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.

கல்வித் தொழில்நுட்பம்: சுவரில் ஒரு கணினி

1999இல் புதுதில்லி கால்காஜியில், அலுவலக மதிற்சுவரில் துளையிட்டு ஒரு கணினியைப் பொருத்தி, அடுத்த குடிசைப் பகுதிக் குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார் சுகதா மித்ரா. யாரும் கற்பிக்காமலே அவர்கள் கணினியைக் கையாளக் கற்றுக்கொண்டனர். அதன் தொடர்ச்சியாகத் தமிழ் பேசும் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடந்தது. காளிக்குப்பம் என்ற கிராமத்தில் 10 முதல் 14 வயதுள்ள குழந்தைகள், ஆங்கிலத்தில் உள்ள மூலக்கூறு உயிரியல் பாடத்தைத் தாமாகவே கற்க முடியுமா என்று மித்ராவும் ரிது தங்வாலும் ஆராய்ந்தனர். முடிவு 2010இல் பிரிட்டனின் கல்வித் தொழில்நுட்ப ஆய்விதழில் வெளிவந்தது.

அவர்கள் சொன்னது இது: கணினியும் இணையமும் மட்டும் கிடைத்த நிலையில், அக்குழந்தைகள் அருகிலுள்ள அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு இணையான மதிப்பெண் பெற்றனர். பிறகு, அந்தப் பாடம் தெரியாத, ஆனால் அருகில் நின்று ஊக்கப்படுத்திய ஒருவரின் துணை கிடைத்தபோது, தில்லியின் வசதியான தனியார் பள்ளிக் குழந்தைகளுக்கு இணையாயினர். பூஜ்யத்திலிருந்து 30 சதவீதம், துணையுடன் 50 சதவீதம் என்று மித்ரா தமது புகழ்பெற்ற மேடை உரையில் சொன்னார். 2013இல் அவருக்கு டெட் அமைப்பின் பத்து லட்சம் டாலர் பரிசும் கிடைத்தது.

இந்த ஆய்வைப் படித்தபோது என் மனம் முதலில் மகிழ்ந்தது. காளிக்குப்பத்துக் குழந்தைகள் போன்றவர்களைத்தான் நானும் வகுப்பில் பார்த்தேன். 'இதெல்லாம் இவனுக்கு ஏறாது' என்று பெரியவர்கள் முடிவுகட்டிய பிள்ளைகள் அவர்கள். அவர்களால் முடியும் என்று ஒருவர் சான்றுடன் சொன்னது பெரிய காரியம்.

ஆனால் ஆய்வு மேடை ஏறியபோது அதிலிருந்து ஒருவர் இறங்கிவிட்டார். குழந்தைகளின் அருகில் நின்ற அந்தத் துணையாளர்தான் அவர். ஆய்வின் இரண்டாம் பாதியை உயர்த்தியது ஒரு மனிதர். 'அப்படியா, எனக்குக் காட்டு' என்று கேட்க ஒருவர் இருந்தபோதுதான் மதிப்பெண் உயர்ந்தது. கட்டுரையில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் உலகம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது 'ஆசிரியர் இல்லாமலே கற்கலாம்' என்பதை மட்டும்.

ஒப்பீட்டிலும் கேள்வி உண்டு. கிராமக் குழந்தைகள், அரசுப் பள்ளிக் குழந்தைகள், தில்லிக் குழந்தைகள் என்ற மூன்று குழுக்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை அல்ல. புதிதாக வந்த கணினியால் ஈர்க்கப்பட்டுச் சோதனைக்கு வந்த குழந்தையும், வழக்கமான வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தையும் ஒரே மனநிலையில் இருக்கமாட்டார்கள். 2010இல் அதே இதழில் பாயல் அரோராவின் கட்டுரை ஒன்றும் வெளிவந்தது. உத்தராகண்டின் அல்மோரா, ஹவால்பாக் ஆகிய இடங்களில் இதே திட்டம் தோல்வியுற்றதை அவர் ஆராய்ந்திருந்தார். வெற்றிக் கதையையும் தோல்விக் கதையையும் ஒரே இதழ் வெளியிட்டது பாராட்டத்தக்கது. மேடைகளுக்குச் சென்றது முதலாவது மட்டும்.

இத்துறையில் வேறொரு முறையும் உண்டு. பெரு நாட்டில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை, 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். எந்தப் பள்ளிக்குக் கணினி என்பது குலுக்கல் முறையில் முடிவானது. 15 மாதங்களுக்குப் பின் கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. பொதுச் சிந்தனைத் திறனில் மட்டும் சிறிது முன்னேற்றம் காணப்பட்டது என்று 2012இல் எழுதினர். 1983இலேயே ரிச்சர்ட் கிளார்க் இதை எச்சரித்திருந்தார். பாடத்தைக் கொண்டுவரும் ஊடகம் சரக்கு வண்டி போன்றது. வண்டியை மாற்றுவதால் அரிசியின் சத்து கூடாது என்ற பொருளில் அவர் வாதிட்டார். ராபர்ட் கோஸ்மா அதை மறுத்தார். ஊடகமும் கற்பிக்கும் முறையும் பிரிக்க முடியாதவை, சில காரியங்களைச் சில ஊடகத்தில்தான் செய்ய முடியும் என்பது அவர் பதில். இந்த வாதம் இன்னும் முடியவில்லை. 2011 முதல் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கிய தமிழ்நாட்டுக்கு இது தூர தேசத்து வாதம் அல்ல. எத்தனை கணினி வழங்கினோம் என்ற கணக்கு எளிது. அதனால் யார் என்ன கற்றார் என்ற கணக்குத்தான் கடினம். அதற்குத்தான் ஆய்வு வேண்டும்.

மூன்றும் எங்கே வேறுபடுகின்றன?

கலைப்புலத்தில் சான்று கையிலேயே நிற்கிறது. பாடல் மாறாது, நாளை வருபவரும் அதே பாடலைப் படிப்பார். அங்கே தவறு நுழைவது வாசிப்பில், அதாவது எதை எதோடு பொருத்துகிறோம் என்பதில். நிதியியலில் சான்று அட்டவணைக்குள் இருக்கிறது. அட்டவணையைப் பகிர்ந்தால் திரும்பப் பார்க்கலாம். பகிராவிட்டால் பூட்டிய பெட்டி. அங்கே தவறு நுழைவது எதைச் சேர்த்தோம், எதை விட்டோம், எதற்கு எவ்வளவு எடை கொடுத்தோம் என்பதில். கல்வித் தொழில்நுட்பத்தில் சான்று ஒரு காலத்துக்கு உரியது. அந்தக் குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். அந்தக் கணினி பழையதாகிவிட்டது. அதே ஊருக்கு இன்று சென்றாலும் அதே சோதனையைச் செய்ய முடியாது. ஆகவே அங்கே நடந்ததை விரிவாகப் பதிவுசெய்யும் கடமை மற்ற துறைகளைவிட அதிகம்.

இவற்றை ஒரே படிவத்தில் அடைப்பது மூன்றுக்கும் கேடு. சங்கப் பாடல் ஆய்வுக்குச் சதவீத அட்டவணை தேவையில்லை. மேற்கோளும் பாடவேறுபாடும் தேவை. கடன் ஆய்வுக்கு அணிந்துரை நடை தேவையில்லை; தரவும் சூத்திரமும் தேவை. பள்ளி ஆய்வுக்கு மதிப்பெண் மட்டும் போதாது. அறையில் யார் இருந்தார், என்ன சொன்னார், கணினி எத்தனை நாள் பழுதாகிக் கிடந்தது என்பனவும் தேவை.

எண் இருப்பதால் உயர்வு, இல்லாததால் தாழ்வு என்ற வரிசைக்கும் இந்த மூன்று நிகழ்வுகளில் ஆதாரம் இல்லை. வெறும் கருத்து என்று ஒதுக்கப்படும் இலக்கிய ஆய்வு, வெளிவந்த நாளிலிருந்தே யாவரும் சோதிக்கும்படி திறந்திருந்தது. துல்லியமானது என்று போற்றப்பட்ட நிதி ஆய்வு, ஒரு மாணவன் கேட்கும்வரை மூடியிருந்தது.

வாசகர் கேட்க வேண்டியவை

எந்தத் துறை ஆய்வானாலும், அதன் முடிவை நம்பும் முன் ஐந்து கேள்விகளைக் கேட்கலாம்.

1. சான்று எங்கே இருக்கிறது? நான் விரும்பினால் அதைப் பார்க்க முடியுமா?
2. எது விடுபட்டது? விட்டதற்குக் காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா?
3. இந்த முறை இந்தப் பொருளுக்குப் பொருந்துமா, அல்லது வேறிடத்திலிருந்து அப்படியே எடுக்கப்பட்டதா?
4. மறுத்தவர் யார்? அவருக்கு என்ன பதில் தரப்பட்டது?
5. ஆய்வில் எழுதியதும் மேடையில் பேசியதும் ஒன்றுதானா?

ஐந்தாவது கேள்வி நம் காலத்துக்கு மிகவும் தேவை. ரைன்ஹார்ட்டும் ரோகாஃப்பும் 'தொடர்பு' என்று எழுதியது மேடையில் 'காரணம்' ஆயிற்று. காளிக்குப்பத்தின் துணையாளர் மேடைக்குப் பின்னால் மறைந்தார். ஆய்வாளரைவிட அவர் முடிவைத் தூக்கிச் செல்பவர்கள் செய்யும் தவறு இது. ஆனால் அதைத் தடுத்துச் சொல்லும் பொறுப்பு ஆய்வாளருக்கும் உண்டு.

முடிவுரை

நம் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்தின் இறுதிப் படியை வாய்மொழித் தேர்வு என்கிறோம். பொன்னாடை, சிற்றுண்டி, வாழ்த்துரை என்று அது பெரும்பாலும் விழாவாகவே முடிகிறது. அந்த அவையில் யாரேனும் ஒருவர் எழுந்து 'உங்கள் அட்டவணையைக் காட்ட முடியுமா?', 'இந்தத் தொடர் வேறெங்கு வருகிறது?', 'அந்த அறையில் ஆசிரியர் இருந்தாரா?' என்று கேட்டால் அதை அவமதிப்பாகக் கருதக் கூடாது. கேட்டவருக்கு விரிதாளை எடுத்துக் கொடுப்பதுதான் ஆய்வாளரின் மரியாதை.

விடைத்தாள் முகாமில் ஒரு விடைத்தாள் நினைவில் நிற்கிறது. இறுதி விடை தவறு. ஆனால் ஒவ்வொரு படியும் எழுதப்பட்டிருந்தது. ஐந்தாம் படியில் ஒரு குறி மட்டும் பிழையாயிருந்தது. நான்கு படிகளுக்கும் மதிப்பெண் போட்டேன். அடுத்த விடைத்தாளில் சரியான விடை மட்டும் இருந்தது, வழி இல்லை. அதற்கு ஒரு மதிப்பெண்தான். ஆய்வுகளுக்கும் அதே கணக்குத்தான்.